மூன்று வாரமாக மேலே வரவில்லை, தோண்டிப் பார்க்கலாமா?

ஜூன் 4, காலை. வந்த கேள்வி:

"ஆப்பிரிக்க ராட்சத மரவட்டை ஒன்று வளர்க்கிறேன், 20 செ.மீ. இருக்கும். பெயர் ராணி. மூன்று வாரமாக மண்ணை விட்டு வெளியே வரவே இல்லை. வெள்ளரிக்காய் வைத்தால் அப்படியே காய்ந்து கிடக்கிறது. 8 செ.மீ. உயரத்துக்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) போட்டிருக்கிறேன், தினமும் தண்ணீர் தெளிக்கிறேன், வாரத்துக்கு ஒருமுறை எச்சத்தையெல்லாம் பொறுக்கி எடுத்துச் சுத்தம் செய்துவிடுவேன். செத்துவிட்டதா? தோண்டிப் பார்க்கலாமா?"

ஜூன் 4, இரவு

தோண்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் கையில் இருக்கும் கரண்டியைக் கீழே வையுங்கள்.

மரவட்டை மண்ணுக்குள் போய் வாரக்கணக்கில் காணாமல் போனால், அநேகமாகத் தோலுரிக்கத்தான் போயிருக்கும். உள்ளே மண்ணைக் குழைத்து, தான் சுருண்டு படுக்கும் அளவுக்கு ஓர் அறை கட்டிக்கொள்ளும். அதற்குள் பழைய ஓட்டைக் கழற்றும். புது ஓடு முதலில் பால் நிறத்தில் மெத்தென்று இருக்கும்; தொட்டால் பள்ளம் விழும். கழற்றிய ஓட்டைத் தானே தின்று அதிலிருக்கும் சுண்ணாம்பைத் திரும்ப உடம்பில் ஏற்றிக்கொள்ளும். ஓடு இறுகி நிறம் வந்த பிறகுதான் மேலே வரும். பெரிய உருப்படி என்றால் இரண்டு மாதம்கூட ஆகலாம்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கொன்று தெரிந்துகொண்டேன். என்னுடைய முதல் மரவட்டை 14 செ.மீ. உள்ளே போய் 24ஆம் நாள் பொறுக்க முடியாமல் டீஸ்பூனால் கிளறினேன். அறை உடைந்தபோது ஒரு சின்னச் சத்தம் வந்தது, முட்டை ஓட்டை நகத்தால் அழுத்தினால் வருமே, அது மாதிரி. உள்ளே தலைப்பக்கம் வெள்ளை, வால்பக்கம் கறுப்பு. பாதி சட்டை போட்ட நிலையில் இருந்தவன் கதவைத் திறந்துவிட்டேன். பதறிப்போய் மண்ணைப் போட்டு மூடினேன். இரண்டாம் நாளே நாற்றம் வந்துவிட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி வேறு யாருமில்லை, நான்தான்.

நாற்றம் என்றதும் ஞாபகம் வருகிறது. செத்த மரவட்டையை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும், தோண்டவே வேண்டாம். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மழை பெய்த காட்டு வாசனை வந்தால் மூடிவிட்டுப் போய்த் தூங்குங்கள்.

ஜூன் 5

கேள்வியை இன்று மறுபடி படித்தேன். நேற்று அவசரத்தில் கவனிக்காமல் விட்ட ஒன்று: 20 செ.மீ. மரவட்டைக்கு 8 செ.மீ. மண், அதுவும் வெறும் கோகோபீட். மூன்று வாரம் மேலே வராததைவிட இதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கோகோபீட் ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மரவட்டை தின்பது மட்கிய இலையையும் மட்கிய கட்டையையும், அவற்றின் மேல் படர்ந்திருக்கும் பூஞ்சையையும் நுண்ணுயிரிகளையும். அதாவது எதற்குள் படுத்திருக்கிறதோ அதைத்தான் தின்கிறது. நாம் வைக்கும் வெள்ளரி, பூசணி, சர்க்கரைவள்ளி எல்லாம் மேல்தீனி. வெள்ளரியைத் தினமும் தின்கிறதே என்று சந்தோஷப்பட்டால், வேறு எதுவும் கிடைக்காமல் தின்கிறது என்றுகூட அர்த்தம் இருக்கலாம். கோகோபீட்டில் ஒரு வருஷம் நன்றாக இருந்து திடீரென்று செத்தது என்று பலர் சொல்வார்கள். திடீரென்று எல்லாம் இல்லை. அந்த ஒரு வருஷமும் அது கையிருப்பைத் தின்று காலம் தள்ளியிருக்கிறது.

நான் போடுவது: கையால் நொறுக்கினால் உதிரும் அளவுக்கு மட்கிய கட்டை ஒரு பங்கு, நொறுக்கிய சருகு ஒரு பங்கு, நன்றாக மட்கிய மண் ஒரு பங்கு. இதற்கு மேல் ஒரு கைப்பிடி சுண்ணாம்புக்கல் தூள் அல்லது முட்டை ஓட்டுத் தூள். ஆழம் குறைந்தது மரவட்டையின் நீளம் இருக்கவேண்டும். கட்டை வெளுத்து, பஞ்சு மாதிரி இலேசாகி, நாராக உரிந்தால் நல்ல கட்டை. பைன், தேவதாரு மாதிரி பிசின் மரங்கள் ஆகாது. தைலமரம் மாதிரி வாசனை எண்ணெய் உள்ளவையும் ஆகாது. சருகு எங்கே பொறுக்கினாலும் சரி, அங்கே பூச்சிமருந்து அடிப்பதில்லை என்று உறுதியாகத் தெரியவேண்டும்.

இப்போது உங்களால் செய்யக்கூடியது: கிளறாமல், மேலாக மட்கிய கட்டைத் துண்டுகளையும் சருகையும் கனமாகப் பரப்பிவையுங்கள். சுண்ணாம்புக்காகக் கணவாய் ஓடு ஒன்றையும் ஓரமாக வையுங்கள். மற்றதெல்லாம் அது மேலே வந்த பிறகு.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

"மரவட்டை கடிக்குமா?" என்று ஒருவர். அது பூரான். பூரானுக்கு ஒரு வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால், விஷநகம், ஓட்டம். மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டிரண்டு ஜோடி, விஷநகம் கிடையாது, அவசரமும் கிடையாது.

ஜூன் 9

தண்ணீர் விஷயத்தில் எனக்கு நானே ஒரு திருத்தம். இரண்டு நாள் முன்பு ஒருவரிடம் "தினமும் தெளித்தால் கெட்டுவிடும்" என்று அடித்துச் சொன்னேன். அவருடைய பெட்டி நாலு பக்கமும் வலை போட்டது. அதில் தினமும் தெளிக்காவிட்டால் காய்ந்துபோகும். மரவட்டையின் ஓட்டில் பூச்சிகளுக்கு இருப்பது போன்ற மெழுகுப் பூச்சு சரியாக இல்லை, மூச்சுத் துளைகளையும் இறுக்கி மூடத் தெரியாது. காய்ந்த காற்றில் உடம்பிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே எத்தனை முறை தெளிப்பது என்பதற்குக் கணக்கு இல்லை, கைதான் கணக்கு. மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். கொழுக்கட்டை மாதிரி பிடிபடவேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது.

இன்னொன்று. தெளிப்பது மேலே மட்டும்தான் நனைக்கிறது. அடியில் வறண்டு கிடக்கும், நமக்குத் தெரியாது. நான் இப்போதெல்லாம் ஒரு மூலையில் மெதுவாக ஊற்றுகிறேன். அந்த மூலை ஈரமாக, எதிர் மூலை சற்றுக் காய்ந்து இருக்கும். எங்கே இருப்பது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். எப்போதும் சொதசொதவென்று இருக்கும் பெட்டியில் கால் நுனிகள் கறுத்து உதிர்வதைப் பார்த்திருக்கிறேன். கறுத்த கால் திரும்ப ஒட்டாது.

வெப்பம் 22 முதல் 26 டிகிரி போதும். சூடேற்றும் பாய் வைப்பவர்கள் அடியில் வைக்காதீர்கள். சூடு பட்டால் மண்ணுக்குள் இறங்கு என்றுதான் அதற்குத் தெரியும். இறங்கினால் அங்கேதான் அடுப்பு! பக்கச் சுவரில் ஒட்டுங்கள், மண்மட்டத்துக்கு மேலே.

ஜூன் 17

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: இன்னும் வரவில்லை, ஆனால் மண்ணில் வெள்ளையாகப் பொடிப்பொடியாக ஏதோ ஊர்கிறது, மருந்து அடிக்கலாமா என்று.

மருந்தா? பூச்சியைக் கொல்லும் மருந்து மரவட்டையையும் கொல்லக்கூடும். பொடி வெள்ளையாக, ஊதினால் துள்ளினால் அது ஸ்பிரிங்டெயில். காசு கொடுத்து வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு இலவசமாக வந்திருக்கிறது. பூஞ்சையைத் தின்று பெட்டியைச் சுத்தமாக வைக்கும். துள்ளாமல், மிச்சமிருக்கும் வெள்ளரித் துண்டின் மேல் தூள் தூவியது போல மொய்த்தால் சிற்றுண்ணி. அதுவும் நீங்கள் போட்ட தீனிக்குத்தான் வந்திருக்கிறது. தீனியை நிறுத்தி, மேல்மண்ணைக் கொஞ்சம் காயவிட்டு, காற்றோட்டத்தைக் கூட்டினால் குறையும்.

மரவட்டையின் உடம்பிலேயே, கால்களுக்கு நடுவே ஓடும் பழுப்புச் சிற்றுண்ணிகளும் உண்டு. பெரிய ஆப்பிரிக்க வகைகளில் சகஜம். அவை குடித்தனக்காரர்கள், இரத்தம் குடிக்க வந்தவர்கள் இல்லை. நான் ஒருமுறை மெனக்கெட்டு ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒன்றரை மணி நேரம். மரவட்டை கடுப்பாகி என் இரண்டு விரலிலும் மஞ்சளாக விட்டது. மறுநாள் பார்த்தால் அத்தனை சிற்றுண்ணியும் பழைய இடத்திலேயே.

ஜூன் 18

விரல் கதையைப் பாதியில் விட்டேன். அந்த மஞ்சள் நீர் பென்சோகுயினோன் என்ற ரசாயன வகை, மரவட்டை தற்காப்புக்கு விடுவது. காற்றுப் பட்டதும் பழுப்பாகி, அயோடின் கொட்டியது போல் தோலில் ஏறிவிடும். சோப்புக்கு அசையாது. எனக்கு முழுசாகப் போகப் பத்து நாள் ஆயிற்று. ஆஃபீஸில் ஒருவர் "எத்தனை வருஷமாக சிகரெட்?" என்று அக்கறையாக விசாரித்தார். தோலுக்குப் பெரிய ஆபத்தில்லை. கண்ணில் பட்டால்தான் வம்பு, கடுமையாக எரியும். கையில் எடுத்தால் கழுவிய பிறகுதான் முகத்தைத் தொடவேண்டும். தட்டையாக, பக்கவாட்டில் இறக்கை முளைத்தது போல் இருக்கும் வகைகளில் பல ஹைட்ரஜன் சயனைடு விடும். பாதாம் வாசனை வரும். அவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காதீர்கள்.

இதே நீரைக் குரங்குகள் தேடிப் போய் வாங்கிக்கொள்கின்றன. தென் அமெரிக்காவில் கப்புச்சின் குரங்குகள் மரவட்டையைப் பிடித்து உடம்பெல்லாம் தேய்த்துக்கொள்ளும். கொசுவை விரட்டத்தான் என்று கருதுகிறார்கள். நமக்கு வேண்டாம்.

ஜூன் 26

"எச்சத்தைப் பொறுக்கிச் சுத்தம் செய்கிறேன்" என்ற வரி இத்தனை நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. ஏன் என்று இன்றுதான் எழுத மனம் வந்தது.

மரவட்டை தன் எச்சத்தைத் தானே தின்னும். ஒருமுறை வயிற்றுக்குள் போய்வந்த இலையில் நுண்ணுயிரிகள் ஏறியிருக்கும். இரண்டாவது சுற்றில் அதிலிருந்து இன்னும் சத்து கிடைக்கும். அதோடு பல வகைகளில் பெண் மரவட்டை ஒவ்வொரு முட்டையையும் மென்ற மண்ணிலோ எச்சத்திலோ உருட்டி வைக்கும். பார்த்தால் இன்னொரு எச்ச உருண்டை, அவ்வளவுதான். குஞ்சு வெளியே வரும்போது மூன்றே ஜோடிக் கால், தலைமயிர்த் துண்டு மாதிரி வெள்ளையாக இருக்கும். அதற்கு முதல் சாப்பாடும் அந்த உருண்டைதான்.

மூன்றாம் வருஷம் எனக்கு சிற்றுண்ணிப் பயம் வந்தது. பெட்டி மண் முழுவதையும் அடுப்பில் சுட்டேன். வீடு முழுக்க சதுப்புநில வாசனை, அது கிடக்கட்டும். ஆறிய மண்ணைக் கொட்டும்போது உருண்டைகள் ஒரே அளவில், மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, நிறைய இருப்பதைக் கவனித்தேன். ஒன்றை நசுக்கிப் பார்த்தேன். உள்ளே சுருங்கிய வெள்ளை மணி. அடுத்ததிலும். அதற்கப்புறம் நசுக்கவில்லை.

சருகைச் சுடுவது, உறையவைப்பது தப்பு என்று சொல்லவரவில்லை. வெளியிலிருந்து கொண்டுவரும் சருகில் பூரான் குட்டி வந்துவிடும், அதைத் தடுக்க அது நல்லதுதான். ஏற்கெனவே மரவட்டை வாழ்ந்த மண்ணைச் சுடுவதைத்தான் சொல்கிறேன். பழைய மண் தீர்ந்து எச்சமாகவே ஆகிவிட்டால் பாதியை மட்டும் மாற்றுங்கள், மறு பாதி அப்படியே இருக்கட்டும். எடுத்த பாதியை மூடியுள்ள பக்கெட்டில் போட்டுச் சில மாதம் வையுங்கள். வெளியே தோட்டத்தில் கொட்டவேண்டாம், வேற்றிட உயிர்களை அவிழ்த்துவிட்டதாகிவிடும்.

ஜூன் 27

"ஆயிரங்கால் என்கிறார்கள், எத்தனை கால்தான்?" ராட்சத மரவட்டைக்குச் சுமார் 250. உண்மையாகவே ஆயிரத்தைத் தாண்டியது ஒன்றுதான், மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலத்துக்கு 60 மீட்டர் கீழே துளைக் குழிக்குள் கிடைத்தது, பெயர் யூமில்லிபீஸ் பெர்செஃபோனே, 2021இல் விவரித்தார்கள். 1,306 கால், நீளம் 10 செ.மீ.கூட இல்லை, கண்ணும் இல்லை. நல்லவேளை, அதற்கு யாரும் செருப்புத் தைப்பதில்லை.

ஜூலை 2

பூஞ்சைப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ட்விட்டரில் யாரோ போட்ட ஓர் அமெரிக்க மரவட்டையின் படத்தில், தலைப்பக்கம் இரண்டு மூன்று சின்னப் புள்ளிகள். கோபன்ஹேகன் ஆய்வாளர் ஒருவர் அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, அருங்காட்சியக மாதிரிகளில் தேடினார். புதுப் பூஞ்சை இனம்! 2020இல் ட்ரோக்லோமைசீஸ் ட்விட்டரி என்று பெயர் வைத்தார்கள். நம் பெட்டியில் புள்ளி தெரிந்தால் நாம் தூரிகையைத் தேடுகிறோம்.

ஜூலை 3

உருண்டை மரவட்டை வாங்கலாமா என்று ஒருவர் கேட்கிறார், பச்சைப் பளிங்குக் குண்டு மாதிரி சுருளும் அந்தப் பெரிய வகை. வேண்டாம். பார்க்க அழகு. ஆனால் பெட்டியில் சில மாதத்தில் செத்துப்போகிறது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். விற்பவை பெரும்பாலும் காட்டிலிருந்து பிடித்தவை. இதில் எனக்கு வேறு கருத்து கிடையாது.

ஜூலை 11

வந்துவிட்டதாம்! நேற்று இரவு பதினொன்றுக்கு. உள்ளே போய் எட்டு வாரத்துக்கு மேல். கேள்வி கேட்டவர் படமும் அனுப்பினார். ஓடு புத்தம் புதுக் காரின் பானெட் மாதிரி மின்னுகிறது; கால்கள் இன்னும் செம்பு நிறம். கணவாய் ஓட்டின் ஓரத்தில் வாயை வைத்து அசையாமல் நிற்கிறது, கீழே வெள்ளைத் தூள் உதிர்ந்திருக்கிறது. வெறும் 8 செ.மீ. கோகோபீட்டில் இதைச் சாதித்திருக்கிறது என்றால் கெட்டிக்கார உருப்படிதான். பொறுத்தார் பூமி ஆள்வார். இது பூமிக்குள் இருந்தபடியே ஆண்டிருக்கிறது.

படத்தில் இன்னொன்றும் பார்த்தேன், சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். தலையிலிருந்து ஏழாவது வளையத்தில் கால்கள் இருக்கவேண்டிய இடம் காலியாகத் தெரிகிறது. ஆணுக்கு அங்கே நடக்கும் காலுக்குப் பதில் இனப்பெருக்கக் கால்கள், உள்ளே மடங்கியிருக்கும். ராணி ராஜா.

ஜூலை 12

எல்லாரும் "இனி மண்ணுக்குள் போனால் கவலையே பட மாட்டேன்" என்கிறார்கள். அதுவும் முழுச் சரியில்லை. நான்தான் முதல் நாள் ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன்.

கீழே போவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், மேலே வருவதைக் கவனியுங்கள். பட்டப்பகலில் சுவர் ஏறிக்கொண்டு, மூடியை ஒட்டிக்கொண்டு, மண்ணைத் தொடவே மறுத்து ராத்திரி பகலாக அலைந்தால் மண் கெட்டிருக்கிறது. ஒன்றுக்கு மேல் வைத்திருந்து எல்லாமே சேர்ந்தாற்போல் மேலே வந்தால் சந்தேகமே வேண்டாம். அடியில் தண்ணீர் தேங்கி, காற்று இல்லாமல் புளித்திருக்கும். ஓரத்தில் விரலை விட்டு அடிமண்ணை எடுத்து முகர்ந்தால் அழுகிய முட்டை வாடை வரும். அப்போது மட்டும் தோண்டலாம். கரண்டியால் வேண்டாம், கையால், ஓரத்திலிருந்து, ஒரு விரல் ஆழம் ஒரு விரல் ஆழமாக. கெட்டியான மண் உருண்டை தட்டுப்பட்டால் உடைக்காமல், சுற்றி இருக்கும் மண்ணோடு அப்படியே பெயர்த்து வேறு பெட்டியில் அதே நிலையில் வையுங்கள். நான் இரண்டு முறை செய்தேன். ஒன்று பிழைத்தது.

ஜூலை 12, மறுபடி

கூட ஐசோபாட் (சருகு தின்னும் சின்ன ஓட்டுயிர்) விடலாமா என்ற கேள்விக்கு: சின்ன வகைகள் பரவாயில்லை. போர்செல்லியோ என்ற பெரிய ஐசோபாட் வகைகளுக்குப் புரதப் பசி அதிகம், தோலுரித்து மெத்தென்று கிடப்பதைக் கடித்துவிடும். எனக்கு ஸ்பிரிங்டெயில் மட்டுமே போதுமாக இருக்கிறது.

அக்டோபர் 19

மூன்று மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. ஜூன் மாதம் "எடுத்த பாதியைப் பக்கெட்டில் வையுங்கள்" என்று எழுதிய கையோடு என் பெட்டியிலும் பாதி மண் மாற்றினேன். பழையதைப் பக்கெட்டில் கொட்டி, ஒரு கைப்பிடி சருகு போட்டு, மூடியில் நாலு ஓட்டை குத்தி, படிக்கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு மறந்தே போனேன். தண்ணீர்கூட ஊற்றவில்லை.

இன்று வேறு எதையோ தேடும்போது பக்கெட் காலில் இடித்தது. மூடியின் அடிப்பக்கம் முழுக்க ஆவி பூத்திருந்தது. சருகு சல்லடையாகி நரம்பு மட்டும் மிச்சம். ஓர் இலையைத் தூக்கினேன். கீழே கம்பிச்சுருள் மாதிரி, சாம்பலும் வெள்ளையுமாக, சுண்டுவிரல் நக நீளத்தில் ஒன்று சுருண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. டார்ச் வெளிச்சத்துக்கு இரண்டும் அவிழ்ந்து மெதுவாக மண்ணுக்குள் நுழைந்தன.

ஒன்பது வரை எண்ணினேன். எண்ண எண்ண அடுத்த இலையைத் தூக்கக் கை போயிற்று. சருகு இன்னும் இரண்டு கைப்பிடி போட்டு, ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மூடிவிட்டு வந்துவிட்டேன்.